ரைடிங் மோவர் ஸ்டார்ட் ஆகவில்லை, ஸ்டார்ட் ஆனாலும் நகரவில்லை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட கரோலினாவில் முக்கால் ஏக்கர் புல்தரையோடு வீடு வாங்கியபோது பழைய ரைடிங் மோவர் (உட்கார்ந்து ஓட்டிப் புல் வெட்டும் வண்டி) ஒன்றும் கூடவே வந்தது. 42 இன்ச் டெக் (பிளேடுகளை மூடியிருக்கும் அடிப்பகுதி), ஒற்றை சிலிண்டர் இன்ஜின், ஹைட்ரோஸ்டாட்டிக் டிரைவ் (கியருக்குப் பதில் ஆயில் அழுத்தத்தால் சக்கரத்தை ஓட்டுவது, சுருக்கமாக ஹைட்ரோ). அதைக் கழற்றி மாட்டிப் பழகியதில் இப்போது ஏப்ரல் பிறந்தால் சுற்றுவட்டார நண்பர்கள் வரிசையாகப் போன் செய்கிறார்கள். அவர்கள் கேட்பதும் நான் சொல்வதும்தான் கீழே இருப்பது.

எல்லோரும் செய்யும் ஒரு தவறு இருக்கிறது: எது கெட்டிருக்கிறது என்று பார்க்காமலேயே பாகத்தை ஆர்டர் செய்துவிடுவது. பேட்டரி, செல்ஃப் மோட்டார், கார்பரேட்டர் மூன்றையும் மாற்றி 200, 300 டாலர் செலவழித்த பிறகு, துருப்பிடித்த எர்த் ஒயர்தான் காரணம் என்று தெரியவந்த வீடுகள் எனக்குத் தெரியும். 15 டாலர் மல்டிமீட்டர், ஒரு ஸ்பார்க் டெஸ்டர், ஃபீலர் கேஜ் (சின்ன இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்), இந்த மூன்றும் இருந்தால் பெரும்பாலான கோளாறுகளை வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

கை வைக்கும் முன் சாவியை எடுத்துவிடுங்கள், ஸ்பார்க் பிளக் ஒயரைப் பிடுங்கித் தள்ளி வையுங்கள், பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள் (மின்சாரத்தை அளக்கும் சோதனைகளின்போது மட்டும் திரும்ப மாட்டிக்கொள்ளலாம்). வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் கையோ தலையோ போகக் கூடாது, ஸ்டாண்டு வேண்டும். கராஜ் கதவை மூடிக்கொண்டு இன்ஜினை ஓட்டவே கூடாது.

சாவியைத் திருப்பினால் எந்தச் சத்தமும் இல்லை. பேட்டரி போன வருடம்தான் வாங்கியது. என்னவாக இருக்கும்?

போன வருடம் வாங்கினது என்பதெல்லாம் கணக்கில் வராது, மீட்டரை வைத்துப் பாருங்கள். முழு சார்ஜில் சும்மா இருக்கும் பேட்டரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.0 காட்டினால் அது காலி. பேட்டரி நன்றாக இருந்தால் அடுத்து பியூஸ், பெரும்பாலும் 15 அல்லது 20 ஆம்பியர், காரில் இருக்கும் அதே தட்டை வகைதான். அப்புறம் எர்த் ஒயர். பேட்டரி நெகட்டிவிலிருந்து சேஸிஸுக்குப் போய் போல்ட் போட்டிருக்கும் இடத்தைக் கழற்றி உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்துத் திரும்ப முடுக்குங்கள்.

அதன் பிறகு சேஃப்டி சுவிட்சுகள். பிரேக் பெடலை முழுக்க மிதித்திருக்க வேண்டும், பிளேடு ஆஃபில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் செல்ஃபுக்குக் கரண்டே போகாது. சில மாடல்களில் சீட்டில் ஆள் இருந்தால்தான் செல்ஃப் அடிக்கும். பெடலுக்குக் கீழே இருக்கும் சின்ன சுவிட்ச் இடம் நகர்ந்து, பெடல் அதைச் சரியாக அழுத்தாமல் இருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எங்கே தேடுவது என்று தெரியாமல் திணறினால் சொலினாய்டிலிருந்து (சாவியைத் திருப்பியதும் செல்ஃப் மோட்டாருக்குக் கரண்டை இணைத்துவிடும் சுவிட்ச்) தொடங்குங்கள். அதில் தடித்த ஒயர் இரண்டும் மெல்லிய ஒயர் ஒன்றோ இரண்டோ இருக்கும். ஒருவர் சாவியைத் திருப்பிப் பிடிக்க, சாவியிலிருந்து வரும் மெல்லிய ஒயரில் 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். வந்தும் சொலினாய்டு அசையவில்லை என்றால் சொலினாய்டு போய்விட்டது, அல்லது அதற்கு எர்த் கிடைக்கவில்லை. வரவில்லை என்றால் கோளாறு அதற்கு முன்னால், சாவி, பியூஸ், சுவிட்சுகள் என்ற பாதையில் இருக்கிறது. ஒரே சோதனையில் பாதி வண்டியை ஒதுக்கிவிடலாம்.

டக் என்று ஒரு சத்தம் மட்டும் வருகிறது, அல்லது டடடட என்று அடிக்கிறது. இரண்டும் ஒன்றா?

இல்லை. டடடட என்றால் கிட்டத்தட்ட எப்போதும் பேட்டரி பலவீனம், அல்லது டெர்மினல் லூஸ். செல்ஃப் அடிக்கும் நேரத்தில் பேட்டரியில் மீட்டரை வைத்தால் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்கினால் சார்ஜ் போட்டுத் திரும்பப் பாருங்கள், அப்போதும் இறங்கினால் பேட்டரி மாற்றத்தான் வேண்டும். பெரும்பாலான ரைடிங் மோவர்களுக்கு யூ1 அளவு பேட்டரிதான், ஆனால் பாசிட்டிவ் எந்தப் பக்கம் என்று பார்த்து வாங்குங்கள், மாறினால் ஒயர் எட்டாது.

ஒற்றை டக் என்றால் சொலினாய்டு வேலை செய்ய முயல்கிறது. அதன் இரண்டு தடித்த போல்ட்டுகளுக்கு இடையே மீட்டரை வைத்துச் சாவியைத் திருப்புங்கள். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். 12 வோல்ட் அப்படியே நின்றால் உள்ளே இருக்கும் கான்டாக்ட் தீய்ந்துவிட்டது. பூஜ்யம் காட்டியும் சுற்றவில்லை என்றால் செல்ஃப் மோட்டாரோ இன்ஜினோ இறுகியிருக்கிறது. பிளக்கைக் கழற்றிவிட்டு ஃபிளைவீலை (இன்ஜினோடு சுற்றும் கனமான சக்கரம்) கையால் சுற்றிப் பாருங்கள், இன்ஜின் சீஸ் ஆகியிருந்தால் அசையாது.

செல்ஃப் மோட்டார் விர்ரென்று தனியாகச் சுற்றி இன்ஜின் சும்மா இருந்தால், மோட்டார் தலையில் இருக்கும் சின்னப் பல்சக்கரம் தேய்ந்திருக்கும். பல இன்ஜின்களில் அது பிளாஸ்டிக். அந்தச் சக்கரத்தை மட்டும் தனியாக வாங்கலாம், முழு மோட்டார் தேவையில்லை.

இன்ஜின் அரைச் சுற்று சுற்றிவிட்டு இடித்துக்கொண்ட மாதிரி நிற்கிறது. புது பேட்டரி, புது செல்ஃப் மோட்டார் போட்டும் அதேதான்.

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத நினைத்தேன். என் வண்டிக்கும் இதே கோளாறு வந்தது. ஒரு ரிப்பேர் கடையில் இன்ஜினையே மாற்றச் சொன்னார்கள். கடைசியில் டேப்பெட் (வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி) அட்ஜஸ்ட் செய்ததும் சரியாகிவிட்டது, செலவு ஃபீலர் கேஜ் ஒன்றுக்கு மட்டும்.

500 சிசி அளவுள்ள ஒற்றை சிலிண்டரை அந்தச் சின்ன செல்ஃப் மோட்டாரால் முழு கம்ப்ரஷனில் (சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம்) சுற்றவே முடியாது. அதனால் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டில் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள்: மெதுவாகச் சுற்றும்போது வால்வை ஒரு மயிரிழை திறந்து வைத்துக் கொஞ்சம் காற்றை வெளியே விடும், வேகம் பிடித்ததும் தானாக விலகிக்கொள்ளும். அந்த மயிரிழை அளவு மிகவும் சிறியது. டேப்பெட் இடைவெளி தேய்மானத்தில் கொஞ்சம் கூடினாலே வால்வு திறக்காமல் போய்விடும், பிஸ்டன் முழு கம்ப்ரஷனில் போய் முட்டி நிற்கும். பார்ப்பவருக்கு பேட்டரி வீக் மாதிரியே தெரியும்.

அட்ஜஸ்ட் செய்வது இப்படி. இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். பிளக்கைக் கழற்றி, வால்வு கவரின் போல்ட்டுகளை எடுத்துக் கவரைத் திறங்கள். பிளக் துளைக்குள் ஒரு ஸ்ட்ராவை விட்டு ஃபிளைவீலைக் கையால் சுற்றினால் பிஸ்டன் ஏறுவதும் இறங்குவதும் ஸ்ட்ராவில் தெரியும். இரண்டு வால்வும் மூடியிருக்கும் உச்சிக்கு வந்து, அதைத் தாண்டிக் கால் இன்ச் இறங்கிய இடத்தில் நிறுத்துங்கள். பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் என்ற இன்ஜின் கம்பெனியின் ஒற்றை சிலிண்டர் 'இன்டெக்' வகைக்கு இன்டேக் வால்வு (உள்ளே இழுப்பது) இடைவெளி 0.003 முதல் 0.005 இன்ச், எக்ஸாஸ்ட் வால்வு (புகையை வெளியே விடுவது) 0.005 முதல் 0.007 இன்ச். மற்ற இன்ஜின்களுக்கு அதனதன் புத்தகத்தில் பாருங்கள். கார்பரேட்டர் பக்கம் இருப்பது இன்டேக். ஃபீலர் கேஜ் தகடு லேசாக உரசிக்கொண்டு போய் வர வேண்டும், தொளதொளவென்றும் இருக்கக் கூடாது, இழுத்துப் பிடிக்கவும் கூடாது. வைத்த அளவை நிறுத்திப் பிடிக்கும் லாக்கை முடுக்கும்போது இடைவெளி மாறிவிடும், அதனால் முடுக்கிய பிறகு இன்னொரு முறை அளந்துவிடுங்கள்.

அளவு சரியாக வைத்தும் அரைச் சுற்றிலேயே நிற்கிறது என்றால் கேம்ஷாஃப்டில் இருக்கும் அந்த ஏற்பாடே உடைந்திருக்கலாம். அது பெரிய வேலை, இன்ஜினைப் பிரிக்க வேண்டும்.

செல்ஃப் நன்றாக அடிக்கிறது, ஆனால் பிடிக்கவே இல்லை.

ஸ்பார்க் இல்லையா, பெட்ரோல் இல்லையா? இதை முதலில் முடிவு செய்யுங்கள். ஏர் ஃபில்டரைக் கழற்றி கார்பரேட்டர் வாயில் கார்ப் கிளீனரை ஒரு நொடி அடித்துவிட்டு, முகத்தை விலக்கிக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள். இரண்டு நொடி ஓடி அணைந்தால் ஸ்பார்க் இருக்கிறது, பெட்ரோல்தான் வரவில்லை.

ஓடவே இல்லை என்றால் ஸ்பார்க் டெஸ்டரை மாட்டிப் பாருங்கள். ஸ்பார்க் இல்லாவிட்டால் உடனே காயில் (ஸ்பார்க்கை உண்டாக்கும் பாகம்) வாங்கப் போகாதீர்கள். காயிலில் இருந்து ஒரு மெல்லிய ஒயர் சாவி பக்கம் போகும், அதுதான் இன்ஜினை அணைக்கும் ஒயர். அதைப் பிடுங்கிவிட்டுத் திரும்ப டெஸ்ட் செய்யுங்கள். இப்போது ஸ்பார்க் வந்தால் காயில் நல்லதுதான், அந்த ஒயர் எங்கேயோ உரசி எர்த் ஆகிறது, அல்லது சீட் சுவிட்ச் பழுது. (இந்த ஒயர் இல்லாமல் இன்ஜின் ஓடினால் சாவியால் அணைக்க முடியாது, அதனால் சோதனை முடிந்ததும் மாட்டிவிடுங்கள்.) அப்போதும் ஸ்பார்க் வரவில்லை என்றால்தான் காயில். புதிதாக மாட்டும்போது காயிலுக்கும் ஃபிளைவீல் காந்தத்துக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டை வைத்து, காந்தம் இழுத்துப் பிடித்திருக்கும்போதே முடுக்கினால் இடைவெளி சரியாக அமையும்.

ஊரில் டிவிஎஸ் 50 பிளக்கைத் தேய்த்துப் போட்டுப் பழகிய கைகளுக்குப் பிளக் வேலை புதிதில்லை. இங்கே இடைவெளி பொதுவாக 0.030 இன்ச், ஆனால் புது பிளக்கே சில டாலர்தான், தேய்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

ரேஸ் ஏறி இறங்கி ஏறி இறங்கி ஓடுகிறது. சோக் போட்டால் மட்டும் சீராக ஓடுகிறது.

சோக் போட்டால் சீராகிறது என்பதே பதில். காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. கார்பரேட்டரில் ஜெட் அடைத்திருக்கிறது, அல்லது கார்பரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே பேக்கிங் விட்டுப்போய்க் காற்றை இழுக்கிறது.

இங்கே பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் பெரும்பாலும் 10 சதவீதம் எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். குளிர்காலம் முழுக்க கார்பரேட்டரில் கிடந்த பெட்ரோல் ஆவியாகி, கடைசியில் வார்னிஷ் போல ஒரு மஞ்சள் பிசினை விட்டுப் போகும். 15 சதவீதம் கலந்த பெட்ரோலை மோவரில் ஊற்றவே கூடாது, பம்பிலேயே ஆரஞ்சு ஸ்டிக்கரில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.

சுத்தம் செய்வது ஒரு மணி நேர வேலை. கழற்றும் முன் ஸ்பிரிங்கும் கம்பியும் எந்தத் துளையில் மாட்டியிருக்கிறது என்று போனில் நாலைந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள், இதைச் செய்யாதவர்கள்தான் இரவு பத்து மணிக்கு எனக்குப் போன் செய்வது. கீழே இருக்கும் கிண்ணத்தைக் கழற்றினால் நடுவே நிற்கும் தண்டில் மெயின் ஜெட் இருக்கும், நடுவில் குண்டூசி முனை அளவு துளை. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள், அந்தத் துளையில் வட்டமாக வெளிச்சம் தெரிய வேண்டும். பிறை மாதிரி தெரிந்தால் அடைப்பு. ஒயரில் இருந்து உருவிய ஒற்றைச் செம்பு இழையை விட்டு எடுத்து, கார்ப் கிளீனர் அடியுங்கள். டிரில் பிட், ஊசி எதையும் விடாதீர்கள், துளை பெரிதானால் அந்த ஜெட் வீண். ஐடிலிங் ஜெட் இதைவிடச் சிறியது, ரேஸ் ஏறி இறங்குவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம், அதை மறந்துவிட்டு மூடிவிடாதீர்கள்.

கிண்ணத்துக்கு அடியில் ஒயரோடு ஒரு சொலினாய்டு இருந்தால், சாவியை ஆன் செய்யும்போது டிக் என்று கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் பெட்ரோல் உள்ளே போகும் வழியே மூடியிருக்கிறது.

நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும், முக்கால் மணி நேரத்தில் நின்றுவிடும். ஆறியதும் திரும்ப ஸ்டார்ட் ஆகிறது.

நின்ற உடனே பெட்ரோல் டேங்க் மூடியைத் திறங்கள். உஸ் என்று காற்று இழுக்கும் சத்தம் வந்து, பிறகு ஸ்டார்ட் ஆனால் மூடியில் இருக்கும் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. மூடியை மாற்றினால் போதும். அப்படி இல்லை என்றால் நின்ற அந்தச் சூட்டிலேயே ஸ்பார்க் பாருங்கள். சூட்டில் ஸ்பார்க் போய் ஆறியதும் வந்தால் காயில் பழுது. ஆறவிட்டு டெஸ்ட் செய்தால் ஒன்றும் தெரியாது.

இன்ஜின் மேல் இருக்கும் கவரையும் வருடத்துக்கு ஒரு முறை கழற்றுங்கள். எலி கூடு கட்டியிருப்பதும், சிலிண்டரைச் சுற்றியிருக்கும் குளிர்விக்கும் தகடுகளுக்கு நடுவே காய்ந்த புல் கெட்டியாக அடைந்திருப்பதும் சகஜம். காற்றால் குளிரும் இன்ஜின், காற்று போக வழி இல்லாவிட்டால் தலைப் பேக்கிங் (ஹெட் கேஸ்கட்) போய்விடும்.

ஆயில் பார்த்தால் மட்டம் ஏறியிருக்கிறது. நான் ஊற்றவே இல்லை.

ஸ்டார்ட் செய்யாதீர்கள். டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள், பெட்ரோல் வாடை வரும். கார்பரேட்டருக்குள் பெட்ரோல் வருவதை நிறுத்தும் ஃபிளோட் நீடில் சரியாக மூடாமல், டேங்க்கில் இருக்கும் பெட்ரோல் இரவெல்லாம் சொட்டிச் சொட்டி ஆயிலில் கலந்திருக்கிறது. அந்த ஆயில் தண்ணியாகிவிடும், அதோடு ஓட்டினால் பேரிங் போகும். நீடிலை மாற்றி, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, பெட்ரோல் குழாயில் ஐந்து டாலர் மூடும் வால்வு ஒன்றைப் போட்டு, வண்டியை நிறுத்தும்போதெல்லாம் மூடிவிடுங்கள்.

புகை வருகிறது. இன்ஜின் போச்சா?

கறுப்புப் புகை என்றால் ஏர் ஃபில்டர் அடைப்பு அல்லது சோக் முழுக்கத் திறக்கவில்லை. நீலம் கலந்த வெள்ளை என்றால் ஆயில் எரிகிறது. ஆயில் அதிகமாக ஊற்றியிருக்கலாம், அல்லது வண்டியைச் சாய்த்து வைத்திருக்கலாம், இதெல்லாம் சில நிமிடத்தில் நின்றுவிடும். நிற்காமல் புகைந்து, ஏர் ஃபில்டரும் ஆயிலில் நனைந்திருந்தால், ஒற்றை சிலிண்டர் இன்ஜின்களில் நான் முதலில் சந்தேகப்படுவது தலைப் பேக்கிங்கை. சிலிண்டருக்கும் வால்வைத் தள்ளும் புஷ் ராட் போகும் அறைக்கும் நடுவே பேக்கிங் வெடித்தால் கம்ப்ரஷன் ஆயில் பக்கம் போய் ஆயிலைத் தள்ளும். பிஸ்டன் ரிங் போய்விட்டது என்று நினைத்துப் பலர் வண்டியையே விற்றுவிடுகிறார்கள். பேக்கிங்கோ சில பத்து டாலர்தான்.

பிளேடு போட்டதும் இன்ஜின் அணைகிறது. சீட் சுவிட்சை ஒயர் போட்டு நேரடியாக இணைத்துவிடலாமா?

கூடாது. அந்த சுவிட்ச் கெட்டிருந்தால் புதிது வாங்கிப் போடுங்கள், விலை ஒரு குடும்பச் சாப்பாட்டுக்கு ஆகும் பணம் கூட இல்லை. ஓட்டுபவர் விழுந்தால் பிளேடு நிற்பது அந்த சுவிட்சால். ரிவர்ஸில் பிளேடு ஓடினால் இன்ஜினை அணைக்கும் அமைப்பும் அப்படித்தான். வண்டிக்குப் பின்னால் ஓடி வரும் குழந்தை, சீட்டில் உட்கார்ந்திருப்பவர் கண்ணில் படாது. இதில் மட்டும் யாரோடும் சமரசம் செய்வதில்லை, ஒயர் போட்டு இணைத்த வண்டியை நான் ரிப்பேர் பார்ப்பதும் இல்லை.

சுவிட்ச் நல்லதாக இருந்து, இன்ஜின் திணறி அணைந்தால் டெக்குக்கு அடியில் பாருங்கள். ஈரப் புல் இறுகியிருக்கும், அல்லது பிளேடு சுற்றும் தண்டின் (ஸ்பின்டில்) பேரிங் இறுகியிருக்கும். பிளக் ஒயரைப் பிடுங்கிவிட்டு, தடித்த கையுறை போட்டு பிளேடைச் சுற்றினால் தெரியும்.

இன்ஜின் அருமையாக ஓடுகிறது, பெடலை மிதித்தால் வண்டி நகரவில்லை.

பார்க்கிங் பிரேக்கை விட்டீர்களா? அடுத்து, வண்டிக்குப் பின்பக்கம் ஒரு கம்பி இருக்கும், இன்ஜின் இல்லாமல் தள்ளிக்கொண்டு போக அதை இழுத்துவிடுவோம். அது இழுத்தபடியே இருந்தால் ஹைட்ரோ வேலை செய்யாது. கராஜில் வண்டியைத் தள்ளி வைத்துவிட்டு இதை மறந்தவர்கள் பலர்.

அப்புறம் பெல்ட். இன்ஜினை அணைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். அறுந்திருக்கலாம், புல்லியில் இருந்து கழன்றிருக்கலாம், அல்லது ஓரம் கண்ணாடி மாதிரி வழவழப்பாகி வழுக்கலாம். இழுத்துப் பிடிக்கும் புல்லியின் ஸ்பிரிங் இருக்கிறதா, புல்லியைத் தாங்கும் கம்பி தடையில்லாமல் அசைகிறதா என்றும் பாருங்கள்.

பெல்ட் ஓடுகிறது, டிரான்ஸ்மிஷன் மேல் இருக்கும் விசிறியும் சுற்றுகிறது, ஆனாலும் நகரவில்லையா? பின் சக்கரத்தைப் பாருங்கள். சக்கர மூடியைக் கழற்றினால் ஒரு கிளிப், வாஷர், அதற்குப் பின்னால் அச்சுக்கும் சக்கரத்துக்கும் நடுவே விரல் நீளத்தில் ஒரு சதுரச் சாவி (இரண்டையும் சேர்த்துப் பூட்டும் உலோகத் துண்டு) இருக்க வேண்டும், முக்கால் இன்ச் அச்சுக்கு 3/16 இன்ச் சாவி. அது விழுந்துவிட்டால் அச்சு மட்டும் சுற்றும், சக்கரம் சும்மா நிற்கும். டிஃபரன்ஷியல் இருப்பதால் எந்தப் பக்கம் இலேசோ அந்தப் பக்கத்துக்கே சுழற்சி முழுதும் போய்விடும், அதனால் ஒரு பக்கச் சாவி போனாலே வண்டி மொத்தமும் நின்றுவிடும். ஒரு நண்பர் புது டிரான்ஸ்மிஷன் ஆர்டர் செய்யப் போன நாளில் இதைக் கண்டுபிடித்தோம். சாவி இரண்டு டாலர்.

ஹைட்ரோ வண்டி. முதல் அரை மணி நன்றாகப் போகிறது, சூடானதும் மேட்டில் இழுக்கவில்லை.

உள்ளே இருக்கும் ஆயில் கெட்டுப்போய்ச் சூட்டில் தண்ணியாகிவிடுகிறது, பம்ப் அழுத்தம் கொடுக்க முடியாமல் திணறுகிறது. முதலில் டிரான்ஸ்மிஷன் மேல் இருக்கும் விசிறி இறகுகள் உடையாமல் இருக்கின்றனவா, சுற்றிலும் புல் அடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பெல்ட் வழுக்கினாலும் இதே மாதிரிதான் தெரியும், அதையும் ஒதுக்கிவிடுங்கள்.

பல கம்பெனி வண்டிகளில் இருக்கும் டஃப் டார்க் கே46 போன்ற ஹைட்ரோ டிரான்ஸ்மிஷன்களில் ஆயிலை வடிக்கத் திருகே இல்லை. கழற்றி இறக்கி, தலைகீழாகக் கவிழ்த்து வடித்து, 5டபிள்யூ-50 சிந்தெடிக் ஊற்றுகிறார்கள். பாதி நாள் வேலை, ஆனால் பல வண்டிகள் அதற்குப் பிறகு சில வருடம் ஓடுகின்றன. உள்ளே தேய்மானம் அதிகமாகிவிட்டால் ஆயில் மாற்றியும் பயன் இருக்காது.

ஆயில் மாற்றிய பிறகு ஏர் பிடித்திருக்கும், அதை வெளியேற்ற வேண்டும். பின் சக்கரங்களை ஸ்டாண்டில் தூக்கி, தள்ளும் கம்பியை இழுத்துவிட்டு, இன்ஜினை மெதுவாக ஓட்டி, பெடலை முன்னுக்கு ஐந்து நொடி, பின்னுக்கு ஐந்து நொடி என்று ஆறேழு முறை மிதியுங்கள். பிறகு கம்பியை உள்ளே தள்ளிவிட்டு அதையே திரும்பச் செய்யுங்கள். சத்தம் குறைந்து வேகம் சீராகும்.

இந்த வகை டிரான்ஸ்மிஷன் சமதரைப் புல் வெட்டத்தான். மண் நிரப்பிய டிரெய்லரை மேட்டில் இழுக்க வைத்தால் சீக்கிரம் போகும். மேடு 15 டிகிரிக்கு மேல் இருந்தால் எந்த ரைடிங் மோவரும் அங்கே போகக் கூடாது, கவிழும்.

பெல்ட் மாற்றி மாதம் ஒன்று கூட ஆகவில்லை, திரும்ப அறுந்துவிட்டது.

ஏதோ ஒரு புல்லி இறுகியிருக்கிறது, அல்லது வளைந்திருக்கிறது. பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு புல்லியையும் விரலால் சுற்றுங்கள், கரகரவென்று கேட்பதை மாற்றுங்கள். பெல்ட் வெளியே வராமல் தடுக்கும் கம்பிகளுக்கு உள்பக்கமாகத்தான் பெல்ட் போக வேண்டும், இதைத் தவறாக மாட்டுவது ரொம்ப சகஜம். அப்புறம், கார் பாகக் கடையில் அதே நீளத்தில் கிடைக்கிறதென்று கார் பெல்ட்டைப் போடாதீர்கள். மோவரில் பெல்ட்டே கிளட்ச் வேலையையும் செய்கிறது, வழுக்கி வழுக்கிப் பிடிப்பதைக் கார் பெல்ட் தாங்காது.

பாகம் ஆர்டர் செய்ய எந்த நம்பரைக் கொடுப்பது?

இரண்டு நம்பர் உண்டு. பெல்ட், புல்லி, சுவிட்ச் போன்றவற்றுக்கு வண்டியின் மாடல் நம்பர், சீட்டுக்குக் கீழேயோ ஃபெண்டருக்கு அடியிலோ ஸ்டிக்கரில் இருக்கும். கார்பரேட்டர், பேக்கிங், காயில் போன்றவற்றுக்கு இன்ஜின் நம்பர். பிரிக்ஸ் இன்ஜினில் வால்வு கவர் பக்கம் உலோகத்தில் மாடல், டைப், கோட் என்று மூன்று வரிசையாக அடித்திருக்கும், மூன்றும் வேண்டும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து ஒரு படம் எடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

குளிர்காலத்துக்கு முன்னால் என்ன செய்து வைக்க வேண்டும்?

டேங்க்கில் ஸ்டெபிலைசர் (பெட்ரோல் கெடாமல் காக்கும் திரவம்) ஊற்றிப் பத்து நிமிடம் ஓட்டுங்கள், அது கார்பரேட்டர் வரை போய்ச் சேர வேண்டும். பெட்ரோல் குழாயில் மூடும் வால்வு இருந்தால் அதை மூடிவிட்டு இன்ஜின் தானாக அணையும் வரை விடுங்கள். ஆயிலை இப்போதே மாற்றுங்கள், வசந்தம் வரை பழைய ஆயில் உள்ளே கிடக்க வேண்டாம். பேட்டரியைக் கழற்றி கராஜில் டெண்டர் சார்ஜரில் (மெதுவாகச் சார்ஜ் செய்து பேட்டரியை நிறைவாகவே வைத்திருப்பது) போடுங்கள். டெக்கின் அடிப்பக்கத்தைச் சுரண்டிவிடுங்கள். எலிக்காக இன்ஜின் கவரை மார்ச்சில் ஒரு முறை திறந்து பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள்.